ஒன்பது எலக்ட்ரான்

தார்த்துவுக்குத் தெற்கே, டிசம்பர்.
மூன்றரைக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடும்.
வெளிச்சம் இவ்வளவு கஞ்சத்தனம் பண்ணும் ஊரில்
வெளிச்சத்தை எண்ணச் சம்பளம் வாங்குகிறேன்.

சன்னலில்லாத அறை. சுவரெல்லாம் கறுப்பு.
நடுவே, உட்புறம் வெள்ளை பூசிய ஒரு கோளம்.
அதன் வயிற்றில் விளக்கைப் போட்டால்
ஒளி முட்டி மோதி, முட்டி மோதி,
எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்பதை மறந்து
வாய்வழியே ஒரே சீராக வழியும்.
வாய்க்கு எதிரே சென்சார்:
கட்டைவிரல் நகமளவு சிலிக்கான்,
மைனஸ் நாற்பதில் விறைத்தபடி.

ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் இரண்டு படம்.
படமென்றால் வெறும் சாம்பல்,
முகமில்லை, மரமில்லை.
ஒரே விளக்கு, ஒரே நொடி, ஒரே சில்லு.
ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்
பூச்சியம் வந்ததே இல்லை.
ஒளி வரிசையில் நின்று வருகிற ஆளில்லை.
கார் நிறுத்தத்தில் பனி விழுவது மாதிரி,
இந்தக் கூரையில் நாலு, அடுத்ததில் ஏழு.
அந்தத் தடுமாற்றத்தை வர்க்கப்படுத்தி
சராசரிக்கு எதிரே புள்ளி வைத்தால்
ஒரு கோடு எழும்பும்.
கணினியின் ஓர் எண்ணுக்கு எத்தனை எலக்ட்ரான் என்பது
அதன் சாய்வில் இருக்கிறது.
இரைச்சலைத் துடைத்துத் தராதீர்கள்,
அதை வைத்துத்தான் எண்ணுகிறேன் என்று
புதிதாய் வருகிறவர்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஒரு முடியின் அகலத்தில் எட்டுக் கிணறு.
ஒவ்வொன்றும் எண்பதாயிரம் எலக்ட்ரான் கொள்ளும்.
நிரம்பியதும் கோடு சடாரென்று கீழே விழும்.
நிறைகுடம் தளும்பாது என்பது
எங்கள் அறையில் பழமொழி இல்லை, வரைபடம்.

சிக்கல் இருட்டில் வந்தது.

விளக்கணைத்து, வெளியேறி, கதவை அடைத்துவிட்டு
(தனி மூடி கிடையாது, அறையேதான் மூடி)
ஐந்தைந்து நிமிடமாக
ஒன்றுமில்லாததைப் படமெடுத்தபோது
ஒன்றுமில்லாதது ஒன்பது எலக்ட்ரான் காட்டியது.
இரண்டுதான் இருக்க வேண்டும்.

மூன்று இரவு.
சில்லைச் சந்தேகித்தேன், குளிர்விப்பானைத் திட்டினேன்,
கதவிடுக்கில் கறுப்பு நாடா ஒட்டினேன்,
பவர் சப்ளையின் பச்சைப் பொட்டை மை பூசி அழித்தேன்.
டாம்பெரே கம்பெனிக்குச் சற்றுக் காரமாகவே எழுதினேன்:
உங்கள் சரக்கு கசிகிறது.

பதில் வருமுன்
எண்களை வந்த வரிசையில் படித்துப் பார்த்தேன்.
ஒன்பது, ஆறு, நாலரை, மூன்றரை, மூன்று.
சில்லின் சொந்தச் சூடு இப்படிக் களைத்துப்போகாது.
சாப்பிட்டு வந்து, விளக்கைப் போட்டு வேலை பார்த்து,
மறுபடி அணைத்தால்
மறுபடி ஒன்பது.
வெளிச்சத்தைத் தின்றுவிட்டு
இருட்டில் மெல்ல அசைபோடுகிற ஏதோ ஒன்று
உள்ளே இருக்கிறது.

அன்று வெளியேறவில்லை.
இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
கண் பழகியது.
மேசை விளிம்பில், கோளத்தின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி,
பன்னிரண்டு புள்ளி, இரண்டு முள்:
மணி இரண்டு பத்து.

ரைவோவின் கைக்கடிகாரம்.
உடம்பின் மின்சாரம் சில்லைச் சுட்டுவிடக்கூடும்,
மணிக்கட்டில் தரைப்பட்டை கட்டவேண்டும் என்பது விதி.
ரைவோ விதி மீறாத மனிதர்.
பட்டை கட்டக் கடிகாரத்தைக் கழற்றி
தினமும் அதே இடத்தில் வைத்திருக்கிறார்,
முகம் மேலாக.

சொன்னதும் எத்தனை என்று கேட்டார்.
ஏழு என்றேன்.
முகத்தில் வருத்தமே இல்லை, ஏதோ
பிள்ளை வாங்கிய மதிப்பெண் மாதிரி
ஏழா, ஏழா என்றார்.

டாம்பெரேக்கு இரண்டாவது கடிதம்
மூன்று தடவை கிழிபட்டு இப்படி முடிந்தது:
உங்கள் சில்லு பார்த்ததைத்தான் சொன்னது.
நான்தான் நம்பவில்லை.

வெளியே ஒன்பதுக்கு விடிந்தது,
முகமில்லாத, மரமில்லாத சாம்பல்.
கிழக்கு ஓரம் இரண்டு விழுக்காடு கூடுதல் என்றேன்.
ரைவோ கேட்கவில்லை.
காப்பித் தூள் டப்பாவைத் திறந்து
கடிகாரத்தை எடுத்து
கட்டிக்கொண்டிருந்தார்.